கோடு போடாமல் ஒரு செம்பருத்தி

பதினெட்டு வருடம் ஜாக்கெட்டில் பூ வரைந்தவள் நான். கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஒரு சின்னத் தையல் கடை. ஆரி வேலைக்கு டிசைன் போடுவது முழுக்க என் கைதான். டிரேசிங் தாளில் பென்சிலால் வரைந்து, அந்தக் கோட்டின் மேலேயே ஊசியால் வரிசையாகத் துளை போட்டு, மண்ணெண்ணெயில் சாக்பொடியைக் குழைத்துத் தேய்த்தால் டிசைன் துணியில் இறங்கிவிடும். தாமரையோ மாங்காயோ கொடியோ, அங்கே கோடுதான் எல்லாம். கோடு தப்பினால் ஊசி தப்பும்.

அதனால் வாட்டர்கலர் கற்க உட்கார்ந்தபோது, பாதிக் கிணறு ஏற்கெனவே தாண்டியாயிற்று என்று நினைத்துக்கொண்டேன். முதல் ஒரு வருடம் நான் வரைந்ததெல்லாம் ஜாக்கெட்டிலிருந்து வெட்டி ஒட்டிய பூ மாதிரியே இருந்தது. அழகாகக் கோடு, அதற்குள் வழியாமல் வண்ணம். கடைக்கு எதிரில் பூக்கூடை வைத்திருக்கும் அக்காவிடம் ஒருநாள் பெருமையாகக் காட்டினேன். வாங்கிப் பார்த்துவிட்டு, "நல்லாருக்குதும்மா. பிளாஸ்டிக் பூவா?" என்றார்.

அன்றைக்கு அவர் கூடையிலிருந்தே ஒரு செம்பருத்தியை வாங்கிக்கொண்டு போய் ஜன்னலோரம் வைத்துப் பார்த்தேன். நீங்களும் ஒன்றைப் பறித்து வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். ஓர் இதழ் இன்னொன்றின் மேல் படியும் இடத்தில் ஓரம் கத்தரியால் வெட்டினாற்போல் இருக்கும். அதே இதழ் நடுவை நோக்கிப் போகப் போக, நிறம் கரைந்து கருஞ்சிவப்பாக இறங்கும். அது எங்கே தொடங்குகிறது என்று விரல் வைத்துக் காட்ட முடியாது. ஆக, பூவில் இருப்பது கோடு அல்ல, இரண்டு வகை ஓரம். வெட்டு ஓரம், கரையும் ஓரம். காய்ந்த தாளில் வண்ணம் வைத்தால் வெட்டு விழும், ஈரத்தாளில் வைத்தால் கரையும். இந்த இரண்டையும் வேண்டிய இடத்தில் வரவைப்பதைத்தான் இங்கே சொல்லித்தரப் போகிறேன்.

முதலில் சாமான்கள். காசு செலவழிக்க ஒரே ஒரு இடம்தான் உண்டு என்றால் அதைத் தாளுக்குச் செலவழியுங்கள். 300 ஜிஎஸ்எம் கனம் வேண்டும். அதற்குக் கீழே போனால் ஈரம் பட்டதும் தாள் அலையலையாக எழும்பும், வண்ணம் பள்ளத்தில் போய்த் தேங்கும். முடிந்தால் நூறு சதவீதம் பருத்தி. பாலியஸ்டருக்கும் பருத்திக்கும் என்ன வித்தியாசம் என்று தையல்காரிக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. மரக்கூழ்த் தாளில் ஈரம் சீக்கிரம் காய்ந்துவிடும், நாலு தடவை தேய்த்தால் மேல்தோல் உரியும். பருத்தித் தாள் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு நமக்கு நேரம் கொடுக்கும். லேசான சொரசொரப்புள்ள 'கோல்ட் பிரஸ்' ரகம் போதும். விலை அதிகம்தான். ஒரு ஏ4 தாளை நாலாக வெட்டிக்கொள்ளுங்கள். பயிற்சிக்குப் பின்பக்கமும் ஆகும்.

துணிக்குப் போடுவது போலத் தாளுக்கும் கஞ்சி உண்டு. ஜெலட்டின் மாதிரி ஒரு பசையைத் தாளில் ஏற்றியிருப்பார்கள். அதனால்தான் வண்ணம் உடனே உள்ளே இறங்காமல் மேலே நின்று விளையாடுகிறது. நம் கடலோரத்துக் காற்றில் அந்தக் கஞ்சி கெட்டுப்போகும். ஓர் ஐப்பசி மழையில், சுவரோரம் சாய்த்து வைத்திருந்த ஒரு கட்டுத் தாள் முழுக்க எனக்குப் பாழானது. பார்வைக்கு வெள்ளை வெளேரென்று இருந்தது. தண்ணீர் பட்டதும்தான் தெரிந்தது, அங்கங்கே மை ஒற்றும் தாள் மாதிரி உறிஞ்சித் திட்டுத் திட்டாகிவிட்டது. இப்போது பிளாஸ்டிக் உறையில் போட்டு, மருந்து டப்பாவில் வரும் சிலிக்கா ஜெல் பொட்டலம் இரண்டை உள்ளே தள்ளி, பீரோவில் சேலைகளுக்கு நடுவே வைக்கிறேன். பழைய தாள் என்றால் ஓரத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். முத்தாகச் சற்று நேரம் நின்றால் தாள் நலம். உடனே இருண்டு உள்ளே போனால் அதில் கணக்கு எழுதலாம்.

கடலூரிலிருந்து பஸ் ஏறினால் புதுச்சேரி பக்கம்தான். அரவிந்தர் ஆசிரமத்தின் கைக்காகிதப் பட்டறை அங்கே எஸ்.வி. படேல் சாலையில் இருக்கிறது. பருத்தித் துணிக் கழிவிலிருந்து காகிதம் செய்கிறார்கள். எனக்கு அது சொந்தக்காரர் வீடு மாதிரி, என் கடையில் விழும் துண்டுத் துணிக்கும் இப்படி ஒரு மறுபிறவி உண்டே என்று. ஆனால் கைக்காகிதம் எல்லாமே வாட்டர்கலருக்கு ஆகாது. அட்டைக்கும் அலங்காரத்துக்கும் என்று பல ரகம் இருக்கும். ஒற்றைத் தாள் வாங்கி அதே சொட்டுச் சோதனையைச் செய்துவிட்டு அப்புறம் கட்டாக வாங்குங்கள்.

வண்ணம் ஆறு டியூப் போதும். லெமன் யெல்லோ, சற்றுச் சூடான ஒரு மஞ்சள், ரோஸ், ஆரஞ்சு சாயும் ஒரு சிவப்பு, அல்ட்ராமரின் நீலம், பர்ன்ட் சியன்னா. டியூபின் முதுகில் பொடி எழுத்தில் ஒரு குறியீடு இருக்கும். கண்ணாடி போட்டாவது அதைப் படியுங்கள். பி.வி. 19 என்றால் குயினாக்ரிடோன் ரோஸ், பல வருடம் நிற்கும். பி.ஆர். 83 என்றால் பழைய அலிசரின் கிரிம்சன், வெயில் பட்டால் வெளுக்கும். இதைத் தெரியாமல், எனக்குப் பிடித்த ஒரு செம்பருத்தியை அந்த கிரிம்சனில் வரைந்து கடைச் சுவரில் சட்டம் போட்டு மாட்டியிருந்தேன். மேற்குப் பார்த்த கடை. இரண்டே வருடத்தில் பூ மூக்குப்பொடி நிறத்துக்கு வந்துவிட்டது.

பிரஷ் இரண்டு. 8ஆம் எண் ரவுண்ட் ஒன்று, 4ஆம் எண் ஒன்று. வாங்கும்போது கடையிலேயே தண்ணீர் கேட்டு நனைத்து ஒரு உதறு உதறுங்கள். நுனி ஊசியாகக் கூடினால் வாங்கலாம், பிளந்து நின்றால் வைத்துவிட்டு வந்துவிடுங்கள். வண்ணம் குழைக்க ஒரு வெள்ளைப் பீங்கான் தட்டு. தண்ணீர் இரண்டு டம்ளர், ஒன்று கழுவ, ஒன்று சுத்தமாக. பிரஷ்ஷைத் துடைக்கத் துவைத்துத் துவைத்து நைந்த பழைய வேட்டித் துணிதான் சிறந்தது. டிஷ்யூ பேப்பரெல்லாம் அதன் கிட்டே வராது.

இனி ஈரம். நம் வீட்டுப் பெண்களுக்கு இது ஏற்கெனவே தெரிந்த விஷயம். மண் வாசலில் தண்ணீர் தெளித்த கையோடு கோலம் போட்டால் மாவு கரைந்து ஓடும். சற்று நேரம் விட்டுத் தரை தண்ணீரை உள்ளே வாங்கியதும் போட்டால் இழை பிடித்து நிற்கும். முழுக்கக் காய்ந்துவிட்டால் மாவு ஒட்டாமல் காற்றில் பறக்கும். தாளும் அதே வாசல்தான். அதில் நான் நாலு பதம் பார்க்கிறேன். முதலாவது குளம்: தண்ணீர் தேங்கி ஆடும். அதில் வண்ணம் வைத்தால் உங்கள் பேச்சைக் கேட்காது. இரண்டாவது பளபளப்பு: தேக்கம் போய், பட்டுத்துணி மாதிரி மெல்லிய மினுக்கம் மட்டும் இருக்கும். கரையும் ஓரம் வேண்டுமென்றால் இதுதான் வேளை. மூன்றாவது ஜில்: மினுக்கம் போய்விட்டது, ஆனால் புறங்கையை வைத்தால் குளிர்கிறது. இந்தப் பதத்தில் தாளைத் தொடவே கூடாது. நான்காவது காய்ந்தது: புறங்கைக்குக் குளிர்ச்சியே தெரியாது. வெட்டு ஓரத்துக்கு இது.

மூன்றாவது பதத்தில் ஏன் தொடக்கூடாது என்கிறேன் என்றால், பாதி காய்ந்த வண்ணத்தின் மேல் ஒரு சொட்டு ஈரம் விழுந்தால், அந்தத் தண்ணீர் பரவும்போது அங்கிருக்கும் நிறத்துகளைத் தள்ளிக்கொண்டே போய் ஓரத்தில் குவித்துவிடும். காபி டம்ளர் வைத்த இடத்தில் வட்டமாகக் கறை நிற்குமே, அதே வேலைதான். வரைகிறவர்கள் இதைக் காலிஃபிளவர் என்பார்கள். செம்பருத்தி வரைய உட்கார்ந்து காலிஃபிளவர் வரைந்து எழுந்த நாட்கள் எனக்கு நிறைய உண்டு. வந்துவிட்டால் சரிசெய்யப் போகாதீர்கள், பெரிதாகும். காயட்டும், பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

இன்னொன்று. பயிற்சிப் புத்தகங்களில் மூன்று நிமிடம் காத்திருங்கள், ஐந்து நிமிடம் காத்திருங்கள் என்று போட்டிருக்கும். அந்த நிமிடங்கள் எந்த ஊருக்கு எழுதியதோ, கடலூருக்கு இல்லை. கத்திரி வெயிலில் மின்விசிறி ஓடினால், பிரஷ்ஷில் வண்ணம் எடுத்துத் திரும்புவதற்குள் தாள் காய்ந்துவிடும். கார்த்திகை அடைமழையில் கால் மணி நேரம் போனாலும் பளபளப்பு போகாது. ஆகவே கடிகாரத்தைப் பார்க்காதீர்கள். தாளைக் கண் மட்டத்துக்குத் தூக்கிச் சாய்வாகப் பாருங்கள், மினுக்கம் தெரியும். வெயில் காலத்தில் விசிறியை நிறுத்திவிடுங்கள். வேர்க்கும். ஒரு துண்டைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

பூவைத் தொடுவதற்கு முன் ஒரு மாலை முழுக்கச் சதுரம் போடுங்கள். தீப்பெட்டி அளவுக்கு இருபது சதுரம். ஒவ்வொன்றையும் நனைத்து, வெவ்வேறு பதத்தில் ஒரு சொட்டு ரோஸ் வைத்து, கீழே பதத்தின் பெயரை எழுதுங்கள். அலுப்பாக இருக்கும். என் பெண்ணுக்கு இதைச் சொன்னபோது, "இதுக்கு எதுக்கும்மா ஓவியம், தொட்டாலே தெரியுமே" என்று போய்விட்டாள். இரண்டு வாரம் கழித்துத் தானாகவே வந்து சதுரம் போட்டாள்.

சரி, செம்பருத்தி. அடுக்குச் செம்பருத்தி வேண்டாம், ஐந்து இதழ் ஒற்றைதான் முதலில். காலை ஏழு மணிக்குப் பறித்துக் காம்போடு டம்ளரில் வையுங்கள். எங்கள் வீட்டுச் செடியின் பூவுக்கு ஒரு பகல்தான் ஆயுசு. சாயங்காலம் குடை மடக்கியது போல் சுருண்டுவிடும். மதியச் சாப்பாட்டுக்குள் வேலை முடிய வேண்டும்.

பென்சிலில் பூவை வரையாதீர்கள். என்னைப் போல் கோடு பழகிய கையாக இருந்தால் இதைச் செய்வது கஷ்டம், ஆனால் செய்யுங்கள். பூவை நேர் எதிரே பார்த்தால் வட்டம். சற்றுச் சாய்ந்திருந்தால் டம்ளர் வாய் மாதிரி நீள்வட்டம். அதை ஒரு தடவை, தெரிந்தும் தெரியாமலும் போடுங்கள். நடுவில் ஒரு புள்ளி. ஐந்து இதழும் குடைக்கம்பி மாதிரி அந்தப் புள்ளிக்கே திரும்ப வேண்டும், அதற்கு ஐந்து சின்னக் கோடு. நடுத்தண்டுக்கு இரண்டு கோடு. அவ்வளவுதான். இதழ் வளைவெல்லாம் பிரஷ் பார்த்துக்கொள்ளும்.

இதழ்களுக்கு மனதில் வரிசையாக எண் கொடுங்கள். முதலில் 1, 3. அவை காய்ந்ததும் 2, 4. கடைசியில் 5. பக்கத்துப் பக்கத்து இதழ்களை ஒரே நேரத்தில் ஈரமாக வைத்தால் இரண்டும் கலந்து ஒரே சிவப்புக் குட்டையாகிவிடும்.

ஓர் இதழை எடுத்துக்கொள்ளுங்கள். 8ஆம் எண் பிரஷ்ஷில் சுத்தத் தண்ணீர் எடுத்து அந்த இதழின் வடிவத்தையே தண்ணீரால் வரையுங்கள். தண்டு வரும் இடத்தை நனைக்காமல் விடுங்கள். குளம் போய்ப் பளபளப்பு வந்ததும், ரோஸில் கொஞ்சம் ஆரஞ்சுச் சிவப்பு கலந்து, இதழின் வெளி ஓரத்தில் தொட்டுத் தொட்டு வையுங்கள். பிரஷ்ஷில் தண்ணீர் குறைவாகவும் வண்ணம் கூடுதலாகவும் இருக்க வேண்டும். தாளை விட பிரஷ் ஈரமாக இருந்தால் காலிஃபிளவர்தான். பிறகு தொண்டைப் பக்கம், அதாவது இதழ்கள் கூடும் நடுக்குழிப் பக்கம், இன்னும் கெட்டியான ரோஸ். நடுவில் ஒரு பட்டை வெளிறியே இருக்கட்டும், அங்கேதான் வெயில் விழுகிறது. பலகையைத் தொண்டைப் பக்கம் லேசாகச் சாய்த்தால் நிறம் தானே இறங்கும். இப்போது கையை எடுத்துவிடுங்கள். இந்த இடத்தில்தான் எல்லோரும் இன்னும் ஒரே ஒரு தொடு என்று கெடுக்கிறோம். நான் எழுந்து போய் ஒரு பட்டன் தைத்துவிட்டு வருவேன். காய்ந்ததும் நிறம் ஒரு படி வெளுக்கும். அதையும் கணக்கில் வைத்து, ஈரத்தில் கொஞ்சம் மிகையாகத் தெரியும்படியே வைத்துக்கொள்ளுங்கள்.

தொண்டைக் கருஞ்சிவப்புக்குக் கறுப்பு சேர்க்காதீர்கள், பூ கரி பிடித்த பாத்திரமாகும். ரோஸில் துளி அல்ட்ராமரின் போதும்.

இதழ் ஓரத்துச் சுருக்கம் தையல் தெரிந்தவர்களுக்கு எளிது. அது ஃப்ரில் தவிர வேறில்லை. மடிப்பு மேலெழும்பும் இடம் வெளிச்சம், உள்ளே போகும் இடம் நிழல். நிழலை வைக்க, காய்ந்த இதழின் மேல் 4ஆம் எண் பிரஷ்ஷால் ஒரு சின்னத் தீற்று. உடனே பிரஷ்ஷைக் கழுவி, வேட்டித் துணியில் ஒற்றி, அந்த ஈர பிரஷ்ஷால் தீற்றின் ஒரு பக்கத்தை மட்டும் தடவிவிடுங்கள். ஒரு பக்கம் வெட்டாக நிற்கும், மறு பக்கம் கரைந்து போகும். துணி மடிந்தது கண்ணுக்குத் தெரியும். இந்த ஓர் அசைவு கைக்கு வர எனக்கு நாலு மாதம் ஆனது. இது வந்த பிறகுதான் என் பூக்கள் ஜாக்கெட்டை விட்டு இறங்கின. வேறு எதையும் பழக நேரமில்லை என்றால் இதை மட்டுமாவது தினம் பத்து முறை செய்யுங்கள்.

நரம்புகள்? இதழில் நாற்பது இருக்கும், நாலு போடுங்கள். தொண்டையிலிருந்து கிளம்பி வழியிலேயே காணாமல் போக வேண்டும். ஆரி வேலைக்காரியின் கை இங்கே துள்ளும், அடக்குங்கள்.

நடுத்தண்டுக்கு மிக மெல்லிய ரோஸ். மேல் பாதியில் மஞ்சள் மகரந்தப் புள்ளிகள், நுனியில் ஐந்து சிவப்புப் பொட்டு. புள்ளிகளுக்கு வெள்ளை கூவாஷில் (அடியில் இருப்பதை மறைக்கும் கெட்டியான தண்ணீர் வண்ணம்) சூடான மஞ்சளைக் குழைத்துக் கடைசியில் வைக்கிறேன். வெள்ளையைக் காப்பாற்ற மாஸ்கிங் திரவம் என்று ஒன்று விற்கிறார்கள். ரப்பர்ப் பால்தான் அது. நம் வெயிலில் தாளோடு ஒட்டிக்கொண்டு, உரிக்கும்போது தாளையும் கிழித்துக்கொண்டு வருகிறது. எனக்கு அதோடு ஒத்துவரவில்லை. தண்டின் நிழல் இதழ் மேல் விழுவதை மறக்காதீர்கள். அந்த ஒரு நிழல்தான் தண்டைத் தாளிலிருந்து முன்னால் தூக்கும்.

இலைக்கு டியூப் பச்சையை அப்படியே வைத்தால் புதிதாக பெயின்ட் அடித்த கதவு மாதிரி இருக்கும். அல்ட்ராமரின், லெமன் யெல்லோ, அதில் பூவுக்குக் கலந்த அதே சிவப்பில் ஒரு துளி. ஏதாவது ஓரிடத்தில் இலையும் இதழும் இரண்டும் ஈரமாக இருக்கும்போதே தொட்டுக்கொள்ளட்டும். சிவப்பு பச்சைக்குள் கொஞ்சம் ஓடும். ஓடட்டும். படம் மூச்சுவிடும் இடம் அது.

மற்ற பூக்கள் இதன் பிறகு எளிது. சங்குப்பூ ஒரே பெரிய இதழ், பளபளப்பில் அல்ட்ராமரினும் துளி ரோஸும், நடுவில் வெளிறிய மஞ்சள் திட்டை நனைக்காமல் விட்டால் முடிந்தது. அந்தப் பூவைக் கசக்கி வரும் சாற்றிலேயே என் பெண் ஒருமுறை வரைந்தாள். அருமையான நீலம். அதில் எலுமிச்சை பிழிந்து ஊதாவாகவும் மாற்றிக் காட்டினாள். ஜன்னலோரம் வைத்ததில் இரண்டும் வெளுத்துப் போயின. விளையாட்டுக்குச் சரி. சாமந்தியில் இதழ்களை எண்ணப் போனால் தொலைந்தீர்கள். மொத்தமாக ஒரு மஞ்சள் உருண்டை, நிழல் பக்கம் பர்ன்ட் சியன்னா, ஓரத்தில் மட்டும் பத்துப் பன்னிரண்டு இதழ் நுனி.

புதுச்சேரி மதில்களில் வழியும் காகிதப்பூ வேறொரு பாடம். நாம் பூ என்று நினைக்கும் மூன்று ரோஸ் நிற ஏடுகளும் பூவே இல்லை, பூவைச் சுற்றிய இலைகள். நடுவில் நிற்கும் வெள்ளைக் குழல்தான் பூ. ஆசிரமத்து அன்னை பூக்களுக்கெல்லாம் பொருள் சொல்லிப் பெயர் வைத்தபோது இதற்குப் 'பாதுகாப்பு' என்றார். முள்ளைப் பார்த்தால் எனக்கும் அதுவே தோன்றும். இதை ஈரத்தில் வரைய வேண்டாம். மிக மெல்லிய ரோஸில் ஓர் ஏடு, முழுக்கக் காய்ந்ததும் அதன் மேல் பாதி படியும்படி இன்னொன்று. இரண்டும் சேரும் இடம் தானாகவே அழுத்தமாகும். ஆர்கன்சா துணியை இரண்டாக மடித்தால் நிறம் கூடுவது மாதிரி. புறங்கையில் கொஞ்சமாவது குளிர்ச்சி தெரிந்தால் அடுத்த ஏட்டைத் தொடங்காதீர்கள், கீழ்ப்பூச்சு கிளம்பிவிடும்.

வெள்ளைப் பூவுக்கு நந்தியாவட்டை. எங்கள் வீட்டுச் செடி 2011 டிசம்பர் 30 அன்று தானே புயலில் அடியோடு சாய்ந்தது. வெட்டிப் போடலாம் என்றிருந்தோம், அதற்குள் துளிர்த்துவிட்டது. இப்போது அதுதான் என் வெள்ளைப் பாடம். வெள்ளை வண்ணம் எடுக்கவே கூடாது, தாள்தான் வெள்ளை. பூவைச் சுற்றியுள்ள இலை இருட்டை வரையுங்கள், பூ தானே வெளியே வரும். காற்றாடி மாதிரி ஐந்து இதழும் ஒரே பக்கம் திரும்பியிருக்கும், அந்தத் திருப்பம் தப்பக்கூடாது. நிழலுக்கு அல்ட்ராமரினும் பர்ன்ட் சியன்னாவும் சேர்ந்த, தண்ணீரே மிகுந்த ஒரு சாம்பல். இலைகளின் பிரதிபலிப்பாக அதில் ஒரு சொட்டு மஞ்சள்பச்சை.

இதெல்லாம் கைவந்த பிறகு நாகலிங்கப் பூவுக்குப் போங்கள், அதற்கு முன்னால் வேண்டாம். புதுச்சேரியின் மாநில மலர் அது. கிளையில் பூக்காமல் அடிமரத்திலிருந்தே கொத்துக் கொத்தாகக் கிளம்பும். ஆறு தடித்த இதழ், வெளியே மஞ்சள் கலந்த சிவப்பு, உள்ளே ரோஸ். நடுவில் சிவலிங்கம், அதன் மேல் கவிந்த பாம்புப் படம், படத்தின் அடியில் நூற்றுக்கணக்கான மகரந்த இழைகள். இதழ்களுக்குச் செம்பருத்தி முறையே போதும். பாம்புப் படம்தான் சோதிக்கும். அதை ஒரே நிழலாக ஈரத்தில் போட்டுவிட்டு, முன் விளிம்பில் மட்டும் சில இழைகளை வெட்டாகப் பிரித்துக் காட்டுங்கள். ஏழு தடவை வரைந்துவிட்டேன், ஒரு தடவைதான் பாம்புப் படம் சரியாகக் கவிந்தது. மற்ற ஆறிலும் டூத்பிரஷ் மாதிரி நின்றது. பறித்து வந்து வரைவதை விட மரத்தடியிலேயே உட்கார்ந்து வரைவது நல்லது. சிவன் கோயில்களில் இந்த மரத்தை வைத்திருப்பார்கள். காலை வெயில் சாய்வாக விழும்போது, ஒன்பது மணிக்குள் போய்விடுங்கள். ஸ்டூலைப் போடுவதற்கு முன் ஒரு தடவை அண்ணாந்து பாருங்கள். அதன் காய் பீரங்கிக் குண்டு அளவு இருக்கும், சொல்லிவிட்டு விழாது.